நூற்று ஐம்பத்தொன்று என்று தகட்டில் இருக்கிறது

"அது சரி சார், ஆட்டமே வியாழக்கிழமைதானே? இன்னிக்குத் திங்கள். அதுக்குள்ள நூத்தி அம்பத்தொண்ணுங்கற கணக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை என்பது துடைத்த நிதானத்திலேயே தெரிந்தது.

"கமிட்டி முடிவு பண்ணியிருக்கு."

"ஆடப்போறது அந்தப் பொண்ணு இல்லையா சார்?"

"ஆடறது அவங்க. முடிவு பண்றது கமிட்டி. பொறிக்கறது நீ. மூணும் தனித்தனி வேலை. அதைப் போட்டுக் குழப்பிக்காதே."

பொறிக்கிறவர் தலையை ஆட்டிவிட்டு ஆர்டர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இருபத்தோரு வருடமாக அந்த கோல்ஃப் மன்றத்துக்குக் கேடயம், கோப்பை, பெயர்ப்பலகை, நினைவுத்தகடு எல்லாவற்றிலும் எழுத்து வெட்டுவது அவர்தான். மன்றத்தில் அவர் பெயரை யாரும் கேட்டதில்லை. 'தகடு' என்று கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். அதனால்தான், சீட்டில் இருந்த அந்தப் பெண் ஆட்டக்காரி தகடுவின் சொந்தத் தங்கை என்ற விஷயமும் அங்கே யாருக்கும் தெரியாது.

சீட்டில் இருந்தது இதுதான்: 'ஆண்கள் போட்டிக்கு எங்கள் அன்பான அழைப்பை ஏற்று வந்து, இரண்டு நாட்கள் ஆடி, 151 அடிகளுடன் மனநிறைவோடு விடைபெற்ற வீராங்கனைக்கு. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி.'

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஆட்டத்தில் அடி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. பதினெட்டுக் குழியிலும் பந்தைப் போட்டு முடிக்க எழுபத்திரண்டு அடி ஆனால் பழுதில்லை. அந்த மன்றத்தில் முதல் இரண்டு நாளும் சேர்த்து நூற்று நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களை வடிகட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மிச்சமிருப்பவர்கள் மூன்றாம் நாளும் நான்காம் நாளும் ஆடுவார்கள். நான்கு நாளும் ஆடி முடித்தவருக்கு ஒரு வருட ஆட்ட அனுமதி கிடைக்கும். அதன் பிறகு எந்தப் போட்டிக்கும் யாருடைய அழைப்பும் தேவையில்லை, நேராகப் போய் ஆடலாம். தங்கைக்கு வேண்டியது அந்த அனுமதிதான். அழைப்பு என்றால் ஒவ்வொரு முறையும் யாருக்காவது மனம் இளக வேண்டும். அனுமதி இருந்தால் வேண்டாம்.

அந்த நூற்று ஐம்பத்தொன்று ஏதோ கைதவறிய எழுத்து என்று நினைத்துக்கொள்ளத் தகடுவுக்கும் ஆசைதான். ஆனால் அவருக்கு மன்றத்தின் பழக்கம் தெரியும். அங்கே முதலில் தகடு வரும், பிறகுதான் சம்பவம் வரும்.

மூன்று வருடம் முன்பு புல்வெட்டுகிறவருக்கு ஒரு பாராட்டுத் தகடு செய்யச் சொன்னார்கள். 'வெள்ளிக்கிழமை வரை பணியாற்றியவர்' என்று வாசகம். அவர் அப்போதும் புல் வெட்டிக்கொண்டுதான் இருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் தன் கையாலேயே விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, தகட்டை வாங்கிக்கொண்டு போனார். இன்னொரு வருடம் 'கனமழையால் நிறுத்தப்பட்ட போட்டி' என்று ஒரு பலகை. மூன்று நாளும் வெயில் மண்டையைப் பிளந்தது. நான்காம் நாள் எல்லாத் தண்ணீர்க் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, தலைவர் குடை பிடித்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

பழைய பொருளாளர் விஷயம்தான் தகடுவுக்கு இன்றுவரை தொண்டையில் நிற்கிறது. அவர் பல் பிடுங்கிக்கொள்ளத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். 'அன்னாரின் நினைவாக, புதன்கிழமை' என்று ஆர்டர் வந்தது. தப்பான சீட்டு என்று தகடு திருப்பிக் கொடுக்கப் போனபோது செயலாளர் வாங்கிக்கொள்ளவில்லை. பொருளாளரும் புதன்கிழமை சாயங்காலம் வரை இழுத்துப் பிடித்துத்தான் பார்த்தார்.

வயசாகிவிட்டது, என்ன செய்ய என்று தகடு தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அடுத்த வாரமும் ஆர்டர் வாங்கப் போனார்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. கடைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் நீளமான நடையில்தான் தங்கை பந்து உருட்டிப் பழகுவாள். சுவரோரம் படுக்கவைத்த எவர்சில்வர் டம்ளர்தான் குழி. அன்று சாயங்காலம் தகடு உள்ளே வந்தபோது பன்னிரண்டாவது பந்து டம்ளருக்குள் போய் 'டங்' என்றது. சமையலறையிலிருந்து அவள் அண்ணி, தகடுவின் மனைவி, அந்த டம்ளரில் காப்பி குடித்தே ரெண்டு மாசம் ஆச்சு என்றாள்.

மறைத்துவைக்க நினைத்தார், முடியவில்லை. சீட்டை எடுத்து நீட்டினார். தங்கை நின்றபடியே படித்தாள்.

"நூத்தி அம்பத்தொண்ணா? நான் பதினாலு வயசுல அடிச்ச கணக்குண்ணா இது."

"அவங்க எழுதினா அது நடந்துடும்மா."

"எழுதறது நீதானே?"

தகடு சீட்டைத் திரும்ப வாங்கி மடித்தார். அவள் சிரித்துவிட்டு அடுத்த பந்தை வைத்தாள். நல்ல பித்தளையாகப் பார்த்து எடு, வீணாகப் போகப்போகிறது என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கே தகடு உட்கார்ந்து வெட்டி முடித்தார். எழுத்து அழகாக வந்திருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை வரவேற்பு விழா. மேடையில் தலைவர், செயலாளர், கமிட்டிக்காரர்கள் என்று வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல் இஸ்திரி போட்ட ஆண் சட்டை ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள். தங்கைக்கு ஒதுக்கிய நாற்காலியோ என்று தகடு முதலில் நினைத்தார். அவளை மேடைக்குக் கீழே நிற்கவைத்திருந்தார்கள்.

தலைவர் பேச எழுந்தார். அவருக்கு ஒரு குணம் உண்டு, காகிதத்தை நம்பமாட்டார். பேச்சுகூடத் தகட்டில் வெட்டித்தான் கொடுக்க வேண்டும். நான்கு கிலோ பித்தளையை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, தலைவர் படித்தார்.

"பெண்களை இந்த மன்றம் மிக உயர்வாக மதிக்கிறது. அவ்வளவு உயரத்தில் இருப்பவர்களைக் கீழே புல்தரைக்கு அழைப்பதில் எங்களுக்கு இருந்த தயக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அழைத்தோம். அழைத்தவர்களுக்குத்தான் வழியனுப்பிவைக்கும் பொறுப்பும் இருக்கிறது. அதற்கான ஏற்பாடுகள் எல்லாம் முடிந்துவிட்டன என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டல். தலைவர் காலி நாற்காலியைக் காட்டினார்.

"இவர் வந்ததால் ஓர் ஆண் ஆட்டக்காரர் தன் இடத்தை இழந்திருக்கிறார். அவர் யார் என்று மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்காததிலிருந்தே அவர் எவ்வளவு மனம் உடைந்திருக்கிறார் என்பது புரிகிறது. அவருக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம்."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். தகடுவும் நின்றார். தங்கையும் குனிந்த தலையோடு நின்றாள். ஆனால் அவள் தலைக்குள் முதல் குழிக்கு எந்த மட்டையை எடுப்பது என்று ஓடிக்கொண்டிருந்தது என்பதை அவள் விரல்களைப் பார்த்தே அண்ணன் கண்டுபிடித்துவிட்டார்.

அன்று அவள் எழுபது அடித்தாள்.

பையைத் தானே தூக்கிக்கொண்டு பதினெட்டுக் குழியும் நடந்தாள். நடுவில் இரண்டு முறை மட்டும் ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது. மன்றத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. கட்டும்போது யாருக்கும் தோன்றவில்லை. எல்லைச் சுவரில் இருந்த சின்ன இரும்புக் கதவைத் திறந்து, சாலையைக் கடந்து, எதிரே இருக்கும் பெட்ரோல் பங்க்குக்குத்தான் போய்வர வேண்டும். போய்வந்தாள். ஒவ்வொரு முறையும் சுவரோரம் நின்ற கமிட்டிக்காரர் ஒருவர் சின்ன நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். எதற்கென்று அவள் கேட்டதற்கு, பாதுகாப்புக்கு என்றார்.

சாயங்காலமே செயலாளர் தகடுவைக் கூப்பிட்டு அவசரமாக ஒரு சின்னத் தகடு கேட்டார். வாசகம்: 'ஆட்ட நேரத்தில் எல்லைச் சுவரைத் தாண்டும் ஆட்டக்காரருக்கு, தாண்டும் ஒவ்வொரு முறைக்கும் இரண்டு அடி தண்டனை. இந்த விதி நேற்று முதல் அமலுக்கு வருகிறது.'

"நேத்து ஆட்டமே இல்லையே சார்?"

"நாளைக்குக் காலைல மாட்டினதும் இன்னிக்கு நேத்தாயிடும்ல?"

அது சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் பயமாக இருந்தது. யார் சார் ஆட்டத்துக்கு நடுவில் சுவர் தாண்டப்போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே தகடு வீட்டுக்கு வந்து வெட்டினார். கேட்டவருக்கு ஏன் பதில் தோன்றவில்லை என்று நீங்கள் கோபப்படலாம். எழுத்து வெட்டும்போது அவர் ஒவ்வொரு எழுத்தாகத்தான் பார்ப்பார். சேர்த்துப் படிக்கிற பழக்கத்தை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை தங்கை ஆட ஆரம்பித்து இரண்டு குழி முடிந்த பிறகுதான் தகட்டை மாட்டச் சொன்னார்கள். அதுவும் சுவரின் வெளிப்பக்கத்தில், பெட்ரோல் பங்க்கைப் பார்த்தபடி, ஒரு விளம்பரத் தட்டிக்குப் பின்னால். மாட்டிவிட்டுத் தகடு கயிற்றுக்குப் பின்னாலேயே நடந்து வந்தார்.

ஒவ்வொரு குழியிலும் வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் தட்டோடு நின்றார். தட்டில் பெரிய கண்ணாடிக் குவளை நிறைய எலுமிச்சை ஜூஸ். "விருந்தாளிக்கு மன்றத்தோட மரியாதை. வேண்டாம்னு சொன்னா வருத்தப்படுவாங்க." மறுத்தால் அதற்கும் ஒரு தண்டனை இருக்குமோ என்று அவள் வாங்கிக் குடித்தாள். அடுத்த குழியில் இன்னொரு குவளை. அதற்கடுத்ததில் இன்னும் பெரியது. கூட ஆடிய ஆண் ஆட்டக்காரர் எனக்கும் ஒன்று என்று கையை நீட்டினார். உங்களுக்கு வேண்டியதில்லை சார் என்று கையுறைக்காரர் தட்டை நகர்த்திக்கொண்டார்.

ஏழாவது குழிக்குப் போகும் வழியில் ஓடையின் மேல் ஒரு மரப்பாலம் உண்டு. அதைத் தாண்டியதும் முதல் முறை சுவருக்குப் போனாள். பன்னிரண்டில் இரண்டாம் முறை. பதினேழில் மூன்றாம் முறை. அவள் திரும்பி வந்தபோது கையுறைக்காரர் தட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பதினெட்டாவது குழியில் ஜூஸ் இல்லை.

அப்போதுதான் தகடு சேர்த்துப் படித்தார். நேற்று இரண்டு முறை, இன்று மூன்று முறை. ஐந்து முறைக்குப் பத்து அடி.

அவள் அன்று எழுபத்தொன்று அடித்தாள். எழுபதும் எழுபத்தொன்றும் நூற்று நாற்பத்தொன்று. வடிகட்டலைத் தாண்டி நான்கு அடி மிச்சம். கணக்குக் கூடாரத்தில் செயலாளர் அந்தத் தொகைக்குக் கீழே பென்சிலால் பத்து என்று எழுதி, கூட்டி, தன் வாழ்நாளில் எந்தக் கூட்டலிலும் அடையாத நிம்மதியை அடைந்தார்.

இந்த ஆட்டத்தில் நம் கணக்கை நாமே எழுதிக்கொள்ள முடியாது, கூட ஆடியவர்தான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கூட ஆடியவர் கூடாரத்துக்கு வெளியே வந்து தங்கையின் காதருகில் குனிந்தார்.

"கார்டுல நான் எழுபத்தொண்ணுதான் எழுதினேன். அதை மறந்துடாதீங்க. ஆனா யாராவது கேட்டா நான் எழுதலைன்னுதான் சொல்லுவேன். அடுத்த வருஷமும் நான் இங்க ஆடணும்ங்க."

சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். தங்கை இரும்புக் கதவுக்கு வெளியே, பெட்ரோல் பங்க்கின் காற்றடிக்கும் இயந்திரத்தின் மேல் சாய்ந்து நின்றாள். அழவில்லை. ஷூவின் அடியில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். தகடு வந்து பக்கத்தில் நின்றபோது நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள்.

"தட்டிக்குப் பின்னால போய்ப் பாத்தேன். அந்தச் சுவத்துல இருக்கறதும் நீ வெட்டினதுதானேண்ணா? அந்த 'தா' மேல இருக்கற வளைவு உன்னோடது."

தகடு நேராக வீட்டுக்கு வந்தார். மணி இரண்டரை. வழியனுப்பும் தகட்டை மூன்றரைக்குள் மேடையில் சேர்க்க வேண்டும். பட்டறை மேஜையில் அதைத் துணி சுற்றி வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தார். 151 பளபளத்தது. விஷயம் முழுவதையும் மனைவியிடம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள்.

"இத்தனை வருஷமா அவங்க சொன்னதையெல்லாம் வெட்டினீங்க. ஒரு தடவை நடந்ததை வெட்டினா கை சுளுக்கிக்குமா?"

தகடு தகட்டைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் வழவழவென்று சுத்தமாக இருந்தது.

சரியாக நான்கு மணிக்கு வழியனுப்பு விழா. பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். சட்டை வைத்த நாற்காலி மட்டும் இன்று இல்லை. இடம் பறிபோனவர் ஆறுதல் அடைந்துவிட்டார் என்று செயலாளர் அறிவித்தார். தலைவர் துணியை விலக்கி, தகட்டைத் தூக்கிப் பிடித்து, மைக்கில் கணீரென்று படித்தார்.

"எங்கள் அன்பான அழைப்பை ஏற்று வந்து, முதல் இரண்டு நாட்களில் 141 அடிகளுடன் தேர்ச்சி பெற்று, மூன்றாம் நாளும் நான்காம் நாளும் ஆடிய வீராங்கனைக்கு."

படித்து முடித்த பிறகுதான் படித்தது அவருக்குள் இறங்கியது. செயலாளர் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, கடைசி வரிசையில் நின்ற தகடுவைப் பார்த்தார். இருபத்தோரு வருடத்தில் முதல்முறையாக அவரை நேருக்கு நேர் பார்த்தார்.

தலைவர் எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். ஆழமாகத்தான் வெட்டியிருந்தது. கமிட்டிக்காரர் ஒருவர், கார்டில் நூற்று ஐம்பத்தொன்று என்று இருக்கிறதே என்று முணுமுணுத்தார்.

"கார்டு காகிதம்," என்றார் தலைவர். "காகிதம் கிழியும், நனையும், பறக்கும். காகிதத்தை நம்பினால் இந்த மன்றம் என்னத்துக்கு ஆகும்? தகட்டில் இருந்தால் இருக்கிறதுதான்."

அவர் கைதட்டினார். கமிட்டி முழுவதும் கைதட்டியது. நாளைக் காலை எட்டு நாற்பதுக்கு வீராங்கனை மூன்றாம் நாள் ஆட்டத்தைத் தொடங்குவார் என்று அங்கேயே அறிவித்தார்கள். தங்கை மேடைக்குக் கீழிருந்து அண்ணனைத் தேடிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அன்று ராத்திரி அண்ணி அந்த டம்ளரைக் கழுவிப் பாயசம் ஊற்றிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குத் தகடு கடையின் ஷட்டரைத் தூக்கினார். அடியில் ஒரு கவரும், துணி சுற்றிய ஒரு புதுப் பித்தளைத் தகடும் இருந்தன. உள்ளே ஆர்டர் சீட்டு, செயலாளரின் நெருக்கமான கையெழுத்து.

'மூன்றாம் நாள், ஏழாவது குழிக்குப் போகும் வழியில், பாலத்தில் கால் பிசகி விழுந்து, இனி ஆட முடியாமல் போன வீராங்கனைக்கு அனுதாபங்களுடன்.'

அதற்குக் கீழே சின்னதாக இரண்டு வரி. 'உன் தங்கச்சின்னு நேத்துதான் தெரிஞ்சுது. வாழ்த்துகள். எட்டு மணிக்குள்ள வேணும். உன்னால முடியலைன்னா அடுத்த தெருவுல இன்னொருத்தர் இருக்கார், அவர் முடிச்சுக் குடுத்துருவார்.'

தகடு அதை இரண்டு முறை சேர்த்துப் படித்தார். பல் பிடுங்கப் போன பொருளாளர் நினைவுக்கு வந்தார். உள்ளே நடையில் பந்து உருளும் சத்தமும், பின்னாலேயே 'டங்'கும் கேட்டன. ஆடவே போகாதே என்று சொல்லிப் பார்த்தார். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, நாலு நாள் ஆடினால்தான் அனுமதி, ரெண்டு நாளில் நின்றால் மறுபடி அவர்களுடைய அழைப்புக்குத்தான் காத்திருக்கணும் என்று அவள் சொன்னாள். பாலத்தில் பார்த்துப் போகிறேன், போதுமா என்றாள். பொருளாளரும் பார்த்துத்தான் இருந்தார்.

ஷட்டருக்கு வெளியே மன்றத்தின் சின்ன வண்டி போனது. பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மடியில் ஒரு ரம்பமும் ஒரு சுத்தியலும் இருந்தன. வண்டி ஏழாவது குழிப் பக்கம் திரும்பியது.

தகடு தானே வெட்டாவிட்டால் அடுத்த தெருக்காரர் வெட்டுவார். அதனால் மேஜையில் உட்கார்ந்தார், உளியை எடுத்தார். முதல் வரியைச் சீட்டில் இருந்தபடியே வெட்டினார்: 'மூன்றாம் நாள், ஏழாவது குழிக்குப் போகும் வழியில், பாலத்தில்'.

அங்கே நிறுத்திவிட்டார். தலைவர் இதையும் மைக்கில் படிப்பார். படித்துவிட்டால், நேற்றைய தகட்டில் என்ன இருந்தாலும், இதுதான் இருக்கிறது. யார் கால், யார் விழுந்தது, யாரால் இனி முடியாமல் போனது என்பதற்கெல்லாம் பித்தளையில் இன்னும் நான்கு விரற்கடை இடம் காலியாக இருக்கிறது. மணி ஏழு இருபது. தங்கை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

உளி உங்கள் கையில் இருந்தால், அடுத்த வார்த்தையாக நீங்கள் எதை வெட்டுவீர்கள்?